தொட்டியில் கட்டிய மணி

போன பௌர்ணமிக்கு ஒரு அம்மா, தலை முழுக்கச் சீயக்காயோடு குளியலறைக் கதவை லேசாகத் திறந்து, "ஏம்மா, தண்ணி நின்னுபோச்சே!" என்று கத்தினாள். ஓடிப்போய்ப் பார்த்தால் மொட்டைமாடித் தொட்டி காய்ந்து கிடந்தது. அடி அண்ணாமலையில் எங்கள் வீடு கிரிவலப் பாதை மேலேயே இருக்கிறது. பௌர்ணமியன்று மலை சுற்ற வருகிறவர்களுக்குக் குளியலறையைத் திறந்துவிடுவோம். என் வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். பெயர் சக்கரவர்த்தி. பெயருக்கேற்ற மாதிரி, உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டார். படியேறித் தொட்டியைப் பார்ப்பதும் மோட்டார் போடுவதும் நான்தான். கல்யாணமாகி வந்ததிலிருந்து ஒரு பௌர்ணமிக்குக்கூட நான் மலையைச் சுற்றியதில்லை. ஊர் உலகமே என் வாசல் வழியாகச் சுற்றிப் போகிறது, எனக்கு மட்டும் கொடுத்துவைக்கவில்லையே என்று வயிறு எரியும்.

இந்தத் தடவை போயே தீருவது என்று உட்கார்ந்தேன். துணி மாட்டும் கிளிப்பின் இரண்டு வாயிலும் செம்புக்கம்பி சுற்றினேன். நடுவில் தயிர் டப்பா மூடியிலிருந்து வெட்டிய ஒரு துண்டு. துண்டில் நூல், நூல் நுனியில் கொஞ்சம் மணல் போட்டு மூடிய தண்ணீர் பாட்டில். கிளிப்பைத் தொட்டி வாயில் கட்டிவிட்டால், தொட்டி நிறைந்திருக்கும்போது பாட்டில் மிதக்கும். தண்ணீர் இறங்கினால் பாட்டில் தொங்கி மூடித்துண்டை உருவிவிடும். கம்பியும் கம்பியும் தொட்டுக்கொள்ள, வாசலில் அவர் தலைக்கு மேலே மாட்டிய பழைய காலிங் பெல் அடிக்கும். முதலில் வாளியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவை சொதப்பிவிட்டு, அடுத்ததில் வீடே அதிர அடித்தது. சமையலறையில் வெட்கமில்லாமல் குதித்தேன்.

"நல்லாத்தான் கீது. எப்டி நிறுத்தறது?" என்றார் அவர்.

"மோட்டார போட்டுட்டு மேல ஏறி, துண்ட திரும்பச் சொருவணும். தண்ணி ஏர்ற வரைக்கும் கையால புடிச்சிக்கணும்."

"கீழயே ஒரு சுவிட்சு வெச்சா இன்னா?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதுங்க."

தெரியும். சுவிட்ச் அலமாரியிலேயே இருந்தது. கீழே வைத்தால் மணியை நிறுத்திவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார், எனக்குத் தெரியாதா?

பௌர்ணமி சாயங்காலம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட்டத்தில் இறங்கினேன். நாலு வீடுகூடத் தாண்டவில்லை, பின்னால் மணி அடித்தது. கால் நின்றுவிட்டது. அடித்துக்கொண்டே இருந்தது. எழுந்திருக்கவே மாட்டார், இந்த மனுஷனை நம்பி வந்தேனே என்று திரும்பி ஓர் அடி வைத்தும்விட்டேன். அப்போது மோட்டார் உறுமும் சத்தம் கேட்டது. ஆனாலும் மணி நிற்கவில்லை. மொட்டைமாடியைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

மணி நின்றது. தொட்டிக்குப் பக்கத்தில், அப்போதுதான் கிளம்பிய நிலாவுக்கு முன்னால், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்காரர். ஒரு கையால் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையை ஆட்டினார்.

"போ கலா! நான் பாத்துக்கறேன், நீ போ!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி அவருக்கு ஒரு பெரிய கும்பிடு போட்டேன். பக்கத்தில் வந்துகொண்டிருந்த வெளியூர்ப் பெண்மணி, என்ன சாமியோ என்று, சட்டென நின்று எங்கள் தொட்டியைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராகத் திரும்பிக் கையெடுக்க ஆரம்பித்தார்கள்.