எட்டு மணி நேரம்

“தந்தி மாமா, சிங்கப்பூருக்கும் நம்ம ஊருக்கும் எம்புட்டுத் தூரம்?”

நசீம் பானு அதைக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அவள் அத்தா அப்துல் வாஹித் கப்பலேறிச் சிங்கப்பூர் மளிகைக் கடை ஒன்றில் வேலைக்குப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. பக்கத்து வீட்டுக் கஸ்பார் திண்டுக்கல் தந்தி ஆபீசில் குமாஸ்தா.

“மெட்ராஸ்ல இருந்து ஆயிரத்து எண்ணூறு மைல். கப்பல்ல ஒரு வாரம். ஏரோப்ளேன்ல எட்டே மணி நேரம்.”

“மெட்ராஸ்ல இருந்து இங்க?”

“ரயில்ல ஒரு ராத்திரி.”

“அம்புட்டுத்தானா! அப்ப கூப்ட்டா மறுநாளே வந்துருவாக.”

“வந்துருவாக” என்றார் கஸ்பார். பிள்ளை சிரித்ததில் அவருக்கும் சந்தோஷம்.

இரண்டு வருடம் கழித்து, 1958இல் ஒரு சனிக்கிழமை விடியலில், அவள் அம்மா ஜெய்தூன் பீவி கண்ணை மூடினாள். கஸ்பார் ஓடிப்போய் அவசரத் தந்தி அடித்தார். மதியத்துக்குள் அடக்கம் செய்வதுதான் வழக்கம். ஆனால் நசீம் வாசற்படியை மறித்து நின்றாள்.

“நாளைக்கு அத்தா வந்துருவாக. அதுவரைக்கும் எடுக்கக் கூடாது.”

“மய்யித்தைக் காக்க வைக்கிறது பாவம்த்தா” என்றார் தாய்மாமன் கிதர் முகம்மது.

“எட்டு மணி நேரந்தான் மாமு. தந்தி மாமாவே சொன்னாக.”

அவரால் பிள்ளையை விலக்கிவிட முடியவில்லை. பதில் வரட்டும் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கெஞ்சினார்.

நான்கு மணிக்குக் கஸ்பாரே பதில் தந்தியைக் கொண்டுவந்து தமிழில் படித்தார்: “விமானம் புதன்கிழமைதான். காத்திருக்க வேண்டாம். மகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.”

“எட்டு மணி நேரம்னு சொன்னீகளே மாமா?”

“பறக்குறது எட்டு மணி நேரந்தாம்மா. ஆனா வாரத்துல ஒருநாள்தான் பறக்கும். அதை மாமா சொல்லாம விட்டுட்டேன்.”

அவள் அழவில்லை. வாசற்படியிலிருந்து நகர்ந்து நின்றாள். அவள் அழுதிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம் என்று கஸ்பாருக்குத் தோன்றியது.

ஆண்கள் மய்யித்தைத் தூக்கிப் போனார்கள். மையவாடியில் ஒவ்வொருவரும் மூன்று பிடி மண் போட்டார்கள். கஸ்பார் மதிலுக்கு வெளியே நின்றார். கணவன் போடவேண்டிய மண் மட்டும் போடப்படவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் கஸ்பாருடைய அப்பா இறந்தபோது அவர் தனுஷ்கோடியில் வேலையில் இருந்தார். மழையில் ரயில் நின்றுபோய் இரண்டு நாள் பிந்தி வந்தார். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டும் சடையாண்டிதான் சொன்னான்: “எல்லாரும் போனப்பறம் உங்க பக்கத்து வீட்டு சாயபு வந்தாருய்யா. ‘இது கஸ்பாருக்காக’ன்னு மண்ணு போட்டுட்டுப் போனாரு.” வாஹித் அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை.

ஆட்கள் கலைந்தார்கள். மலைக்கோட்டைப் பக்கம் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. கஸ்பார் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். இதனால் ஒரு மைல்கூடக் குறையப் போவதில்லை என்று அவருக்குத் தெரியும்.

குனிந்து மண்ணை அள்ளினார்.

“இது வாஹித்துக்காக” என்று மெல்லச் சொல்லி, மூன்று பிடி போட்டார்.