சாம்பிராணி காட்டிய பெட்டி

துறைமுகத்திலிருந்து அதிகாரி அருணாதேவி கூப்பிட்டபோது மணி பதினொன்று.

"வளவன், கப்பல் நாலு மணிக்குக் கிளம்புது. உங்க பொட்டிய நம்பி நிறுத்தலாமா?"

பெட்டி அங்கே அலைதடுப்புச் சுவரின் முனையில் நிற்கிறது. கடந்து போகும் கப்பலின் புகையில் கந்தகமும் கரியமில வாயுவும் எவ்வளவு என்று அளந்து, எரிபொருளில் உள்ள கந்தகத்தைச் சொல்லும். அரை சதவீதம் வரைதான் அனுமதி. இந்தக் கப்பலுக்கு இரண்டு புள்ளி ஆறு காட்டியது. கப்பலின் காகிதங்களில் எல்லாம் சரியாக இருந்தது.

"ஆனா சும்மா இருக்கிற கடல் காத்துக்கு மைனஸ் காட்டுது. மைனஸ் கந்தகம் ஏதுங்க? தப்பா நிறுத்திட்டா பொட்டியக் கழட்டிடுவாங்க. ஒரு மணிக்குள்ள சொல்லுங்க."

நானும் கவிநிலாவும் செய்த பெட்டி. அவள் இறந்து எட்டு மாதம். அவள் தொட்டதில் இன்னும் ஓடிக்கொண்டிருப்பது அது ஒன்றுதான்.

போன வெள்ளிக்கிழமை சுத்தம் செய்வதற்காக, அடி அண்ணாமலையில் நான் குடியிருக்கும் மாடி அறைக்கு அதைக் கொண்டுவந்திருந்தேன். அறைக் காற்றைச் சுத்தமான காற்றாக வைத்துப் பூஜ்யத்தைப் பதிந்தேன். அறையில் ஏதோ வாசனை இருந்தது. வெள்ளிக்கிழமை என்றால் இருக்கும். கண்டுகொள்ளவில்லை.

கீழே போய் வீட்டுக்கார சரசு அக்காவிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை என் ரூமுக்கு சாம்பிராணி போட்டீங்களாக்கா?"

"போடாம? உன் பொட்டிக்கும் காட்டுனேன்."

"பொட்டிக்கா?"

"நீ டீ குடிக்கப் போயிருந்த. அந்தப் பொண்ணு கையால செஞ்சதுன்னு நீதான சொன்ன? ரெண்டு சுத்து ஜாஸ்தியாவே காட்டுனேன்."

சாம்பிராணிப் புகையைப் பெட்டி கந்தகம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தப் புகையைத்தான் நான் பூஜ்யம் என்று பதிந்திருக்கிறேன். கடல் காற்று அதற்கும் கீழே போனதில் வியப்பில்லை.

அப்படியானால் கப்பலின் கணக்கு?

மாடிக்கு ஓடி, கவிநிலா எழுதிய நிரலைத் திறந்தேன். கப்பல் வருவதற்கு முன் காற்றில் காட்டிய அளவு, வந்தபின் காட்டிய அளவு. அந்த வித்தியாசத்தை மட்டுமே அவள் கணக்கில் எடுத்திருந்தாள். வீண் வேலை என்று அன்று சண்டை போட்டேன். பூஜ்யம் எங்கே இருந்தாலும் ஏறிய அளவு மாறாது.

பன்னிரண்டேகாலுக்குக் கூப்பிட்டேன்.

"நிறுத்துங்க."

காரணத்தையும் சொன்னேன்.

"சாம்பிராணியா?" அருணாதேவி சிரித்துவிட்டார். "இத ரிப்போர்ட்ல எப்படிங்க எழுதுறது?"

"அப்படியே எழுதுங்க."

கப்பலின் தொட்டியிலிருந்து எண்ணெய் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் முடிவு வந்தது. இரண்டு புள்ளி ஏழு.

"புடிச்சிட்டோம் வளவன்! இன்னும் நாலு பொட்டி கேக்குறாங்க!"

இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன்.

"அக்கா, கவி ஜெயிச்சிட்டா."

சரசு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புதுப் பொட்டிங்களுக்கும் காட்டட்டா?"

"காட்டுங்க. பூஜ்யத்த நான் சனிக்கிழமை வச்சிக்கிறேன்."