நூற்றுக்குப் பதினொன்று

முதலாளி குருநாதனிடம் இதை எப்படிச் சொல்வதென்று சுதாராணிக்குத் தெரியவில்லை. அவர் கொடைக்கானலில் விடுதி நடத்துகிறவர். பழனி அடிவாரத்தில் மூன்று தலைமுறையாகப் பஞ்சாமிர்தக் கடை வைத்திருக்கும் குடும்பம். கெட்ட பேர் என்ற சொல்லே அந்த வீட்டுக்குள் வந்ததில்லை.

"சார், நம்ம விடுதி விளம்பர மெயில் எதுவும் ஆளுககிட்ட போய்ச் சேரல. எல்லாம் ஸ்பாம்ல கெடக்கு. அனுப்புறவங்க பேரு எப்படின்னு மார்க்கு போடுற சைட் ஒண்ணு இருக்கு. அதுல நமக்குப் பதினொண்ணு."

"எத்தனைக்கு?"

"நூத்துக்கு."

குருநாதன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "எம்பேரப் பழனியில போயி விசாரிக்கச் சொல்லும்மா அந்த சைட்டுக்காரன."

தப்பு, விளம்பரம் அனுப்ப அவர் காசு கொடுத்து வாங்கி வந்த சிடியில் இருந்தது. நாற்பதாயிரம் இமெயில் முகவரிகள். அவற்றில் பாதி செத்துப்போனவை. மீதிப் பேரில் பலர், கேட்காமல் வந்த கடிதத்தை ஸ்பாம் என்று அழுத்தியிருந்தார்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் மார்க்கு இறங்கும் என்று சுதாராணி விளக்கினாள். பிறகு சிடியைத் தூரப் போட்டுவிட்டு, விடுதியில் உண்மையிலேயே தங்கிப் போனவர்களில், கடிதம் அனுப்பலாம் என்று சம்மதித்தவர்களை மட்டும் வைத்துக்கொண்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் தேறினார்கள்.

"நாப்பதாயிரம் போயி முந்நூறா?" குருநாதனுக்கு நெஞ்சு பொறுக்கவில்லை.

அவர்களுக்கு மாதம் ஒரு கடிதம்தான் அனுப்பினாள், அதுவும் சுருக்கமாக. சுதாராணி தினமும் வெள்ளனே வந்து மார்க்கைப் பார்த்துக் காலண்டரில் குறித்தாள். முப்பத்திநாலு. அறுபத்தொண்ணு. ஏப்ரல் முடிவில் எண்பத்தெட்டு. அறைகளும் நிரம்பின. பழனியிலிருந்து குருநாதன் காலையில் போன் போட்டால் முதல் கேள்வி, "இன்னைக்கு எம்புட்டு?" பிள்ளை பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைப் போல அதை, கொடைக்கானல் வந்தால் ஏரிக்கரை முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

விடுதி உரிமையாளர் சங்கத்தில் அவருக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வையோடே அலுவலகத்துக்கு வந்தார்.

"சுதா, சங்கத்துல பதினாலு விடுதிக்கும் சொல்லிட்டேன். அவங்க விளம்பரத்தையும் நம்ம பேர்லயே அனுப்பிரு."

"வேணாம் சார். ஒரே வாரத்துல பதினஞ்சு மெயில் வந்தா யாருக்கும் கோவம் வரும்."

"நல்ல பேரு நாலு பேருக்கு ஒதவாட்டி எதுக்கும்மா? வெரசா அனுப்பு. வாக்குக் குடுத்துட்டேன்."

சம்பளம் வாங்குகிறவள். அனுப்பினாள். செவ்வாய்க்கிழமை எழுபது, வியாழக்கிழமை நாற்பது, அடுத்த திங்கட்கிழமை ஒன்பது. தூத்துக்குடியிலிருந்து வருஷா வருஷம் வரும் அழகம்மாள் டீச்சர், 'இனி எனக்கு எழுத வேண்டாம்' என்று ஒரே வரி எழுதியிருந்தார். அதைப் படித்தபோது சுதாராணிக்கு முகம் சுண்டிப்போனது. அந்த முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவளுக்குப் பெயர் சொன்னால் தெரியும்.

மன்னிப்புக் கேட்டு மற்ற எல்லாருக்கும் மெயில் எழுதினாள். அந்தக் கடிதமும் ஸ்பாமுக்குத்தான் போனது.

கடைசியில் தபால் நிலையத்துக்குப் போய்க் கட்டுக்கட்டாகப் போஸ்ட் கார்டு வாங்கி வந்தாள். விடுதிப் பதிவேட்டில் வீட்டு முகவரிகள் இருந்தன. டீச்சரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கெல்லாம் அதே மன்னிப்பைக் கைப்பட எழுதி முடிக்க ஆறு நாள் ஆனது. இரண்டு வாரத்தில் பதினோரு குடும்பங்கள் போனில் அறை கேட்டன.

குருநாதன், மிச்சமிருந்த ஒரு போஸ்ட் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு எந்த சைட்ல மார்க்கு போடுவாங்க?" என்று கேட்டார்.