தலையணைக்கடியில் நீலக்கல்

தலைநகரம் டில்லிக்குப் போகிறது என்று கல்கத்தாவே புலம்பிக்கொண்டிருந்த வருஷம். காளிகாட்டில் குடியிருந்த பாகீரதிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் கவலை வயிற்றில் இருந்தது. இரண்டு கலைந்து, இது மூன்றாவது. ஐந்தாம் மாதம்.

அவள் சீதாராமனுக்கு இளையாள். மூத்தவள் ஜலஜா ஜுரத்தில் போய் நாலு வருஷம். கல்யாணமான நாளிலிருந்து, விடியற்காலையில் பாகீரதியின் தலையணைக்கடியில் ஒரு கை துழாவும். விழித்தால் ஒன்றும் இராது. சொன்னால், "வாயுத் தொந்தரவு, சுக்குக் கஷாயம் சாப்பிடு" என்பார் சீதாராமன். ஆபீஸில் துரைக்கே யோசனை சொல்லும் மனுஷருக்கு, ஜலஜா பேச்சை எடுத்தால் மட்டும் வாயில் கொழுக்கட்டை.

இளையாளாக வந்தவள், செத்துப்போன மூத்தாளுக்கென்று கழுத்துச் சங்கிலியில் பொட்டு என்ற சின்னப் பதக்கம் போட்டுக்கொள்வது வழக்கம். பாகீரதியும் வெறும் தங்கத்தில் போட்டிருந்தாள். ஜலஜா மனசு குளிரவில்லை போலிருக்கிறது, நல்ல கல்லாக வைத்துப் புதிதாகச் செய் என்று நாத்தனார் ஜகதாம்பாள் எழுதியிருந்தாள். இந்தக் குழந்தையாவது தங்க வேண்டுமே! பாகீரதி ஒற்றைக்காலில் நின்று புருஷனைக் கிளப்பினாள்.

கோவில் சந்தில் தத்தா பாபுவின் கல் கடை. வாசலிலேயே சீதாராமன் தயங்கினார்.

"வேற கடை பாக்கலாமே."

"வந்தாச்சு. உள்ள வாங்கோ."

தத்தா பாபு வெள்ளைத் துணியில் லாஜவர்த் என்ற நீலநிறக் கற்களைப் பரப்பினார். ஆழ்ந்த நீலம். சாயம் ஏற்றியதில்லை என்று ஒவ்வொன்றையும் ஈரப் பஞ்சால் துடைத்துக் காட்டினார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மாசில்லாத பெரிய கல்லை எடுக்கத்தான் பாகீரதி நினைத்தாள். கை என்னவோ ஓரத்தில் கிடந்த சின்னதைத் தொட்டது. நொய் தூவினாற்போலப் பொன் புள்ளிகள், நடுவில் வெள்ளைக் கீற்று. தொட்டதை விட மனம் வரவில்லை.

தத்தா பாபு சீதாராமனைப் பார்த்தார். "இது திரும்பி வந்த கல், மா," என்றார் வங்காள மொழியில். "உங்கள் வீட்டுக்கே போய்த் திரும்பியது."

சனிக்கு உகந்த நீலம் என்ற ரத்தினத்தை வாங்கினால், மூன்று ராத்திரி தலையணைக்கடியில் வைத்து, ஆகுமா ஆகாதா என்று பார்ப்பார்கள். "அந்தப் பரீட்சை நீலத்துக்கு, லாஜவர்த்துக்கு வேண்டாம் என்று அன்றைக்கே சொன்னேன். இந்த பாபு கேட்கவில்லை," என்றார் தத்தா பாபு.

ஜலஜா ஆசையாகப் பொறுக்கிய கல். மூன்றாம் நாள் அவளுக்கு ஜுரம் கண்டது. கல்தான் காரணம் என்று பயந்து, சீதாராமன் அதை அவள் தலையணைக்கடியிலிருந்து உருவிக்கொண்டு வந்து கடையில் திருப்பிவிட்டார்.

"தேடினாளா?" என்று புருஷனைக் கேட்டாள் பாகீரதி.

"கடைசி வரைக்கும். தலையணைக்கு அடியில கையால துழாவிண்டே இருந்தா. நான் ஒண்ணும் சொல்லலை."

விடியற்காலையில் துழாவும் கை யாருடையது என்று பாகீரதிக்குப் புரிந்துவிட்டது. ஆனாலும் பயத்தைவிட அந்தப் பெண்மேல் பரிதாபம்தான் முந்திக்கொண்டது.

"இதையே வெச்சுப் பண்ணச் சொல்லுங்கோ."

"வேண்டாம்டி. உனக்கும் ஏதாவது ஆயிடுத்துன்னா?"

"ரெண்டு போயாச்சு. இன்னும் என்ன ஆகணும்?"

பொட்டு கழுத்தில் ஏறிய நாளிலிருந்து கை வரவில்லை. குழந்தை தங்கியது. பெண்.

குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது, ஒரு விடியற்காலை மறுபடியும் தலையணைக்கடியில் ஏதோ துழாவியது. பாகீரதி விழித்துப் பார்த்தாள். இந்த முறை கை இருந்தது. பக்கத்தில் படுத்திருந்த குழந்தையின் கை, தூக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தது. பொட்டைச் சங்கிலியோடு கழற்றி அந்த உள்ளங்கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன.

விழித்துக்கொண்ட சீதாராமன், குழந்தை விழுங்கிவிடப் போகிறதே என்று கையை நீட்டினார்.

"எடுக்காதேங்கோ," என்றாள் பாகீரதி. "ரெண்டாந்தடவையும் எடுக்காதேங்கோ."

அவர் கையை இழுத்துக்கொண்டார். பிறகு, மூத்தவள் செத்ததற்கப்புறம் முதல் தடவையாக, "ஜலஜா" என்றார்.

குழந்தை கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தது.