நிமிர்த்திய படம்

1

செவ்வாய்க்கிழமை, மாலை நாலு பத்து. அண்ணி போன் செய்தார். இந்தக் கதை அங்கிருந்து வந்தது.

"தம்பி, தூணை நிமிர்த்தினா வீடு சாயுது. வீட்டை நிமிர்த்தினா தூண் சாயுது."

எனக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாது. விளக்க வேண்டும். ஆனால் விளக்கத்தில் தொடங்கும் கதையை யார் படிப்பார்கள்? வேறு தொடக்கங்களை எழுதிப் பார்த்தேன்.

(அ) நகரத்தின்மேல் சாம்பல் நிற வானம் கவிழ்ந்திருந்த அந்த மாலையில் —

இல்லை. வானம் தெளிவாக இருந்தது.

(ஆ) கான்கிரீட்டைக் காதலித்த ஒரு பெண் —

அண்ணி இதைப் படித்தால் என் முகத்தில் விழிக்கமாட்டார்.

விளக்கத்துக்கே போகிறேன்.

2

அண்ணி கட்டடங்களைப் படம் எடுப்பவர். பூச்சு இல்லாத கான்கிரீட் கட்டடங்கள், மேம்பாலங்கள், தண்ணீர்த் தொட்டிகள். பார்க்கிறவர்கள் முகம் சுளிக்கும் வகை.* அவற்றை இடிப்பதற்குள் ஒரு புத்தகம் போட்டுவிட வேண்டும் என்று நிற்கிறார். ஒவ்வொரு படத்துக்கும் கீழே இரண்டு வரி எழுதுவது என் வேலை.

உயரமான கட்டடத்தைக் கீழே நின்று எடுத்தால் படத்தில் அது பின்னால் சாயும். கேமராவின் கோளாறு. இந்தத் தொழிலில் எல்லாரும் அதைக் கணினியில் சரிசெய்வார்கள். தூணின் விளிம்பில் ஒரு கோடு இழுத்தால் படம் நிமிர்ந்துவிடும். தூண் நிமிர்ந்தால் பின்னால் இருக்கும் வீடும் நிமிரும். இரண்டும் நிஜத்தில் நேராக நின்றால்.

அன்று அவர் திறந்து வைத்திருந்த படத்தில் முன்னால் மேம்பாலத்தின் தூண். பின்னால் பன்னிரண்டு மாடிக் குடியிருப்பு. ஏழாவது மாடிக் கொடியில் காயும் நீலச் சட்டை என் அண்ணனுடையது.

(* "இதுல என்ன அழகு அண்ணி?" என்று ஒருமுறை கேட்டேன். "பூசி மறைக்கலையே தம்பி. கான்கிரீட் ஊத்தறப்போ பலகை அடிச்ச தடம்கூடத் தெரியுது பாருங்க" என்றார்.)

3

இந்த இடத்தில் பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம். சொந்த வீடு சாய்ந்திருப்பதைப் படத்தில் ஒருவர் உடனே பார்க்கமாட்டாரா? கேட்டேன்.

"பார்த்தேன் தம்பி."

"பார்த்துட்டு?"

"வீட்டை மட்டும் தனியா வெட்டி நிமிர்த்திட்டேன். கை தானாப் பண்ணிடுச்சு. அச்சகத்துக்கு அனுப்பப் போறப்பதான் உறைச்சுது."

நான் நாற்காலியைவிட்டு எழுந்திருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. (முதலில் 'திடுக்கிட்டேன்' என்று எழுதினேன். படித்துப் பார்த்தால் திடுக்கிட்டவன் எழுதியதுபோல இல்லை.)

"போன வருஷம் அதே இடத்துல ஒண்ணு எடுத்தீங்களே?"

"அதுல ரெண்டும் நேரா நிக்குது. ஆனா அப்பவும் இப்படித்தான் வெட்டி ஒட்டினேனான்னு ஞாபகம் இல்ல. மூலப் படத்தை அழிச்சுட்டேன். இடத்தை அடைக்குதுன்னு."

அழிச்சுட்டேன் என்று இன்னொரு தடவை சொன்னார். என்னிடம் அல்ல.

4

அண்ணி பாலத்தைப் பராமரிக்கும் அலுவலகத்துக்குப் பேசினார். பொறியாளர் பொறுமையான ஆள்.

"படம் சாஞ்சிருந்தா கேமராவப் பாருங்க மேடம். பாலத்த ஏன் பாக்குறீங்க?"

"அப்ப வீடுதான் சாஞ்சிருக்கா சார்?"

"வீடு எங்க பொறுப்புல வராதுங்க."

5

எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. எது சாய்ந்தது என்பதை அவனே முடிவு செய்யலாம்.

முடிவு ஒன்று: தூண். மாலை நெரிசல். மேலே லாரிகள் நகராமல் நிற்கின்றன. அண்ணனும் அவன் மகள் பாப்பாவும் வீட்டைவிட்டு இறங்காமல் இருந்தால் பிழைத்தார்கள்.

முடிவு இரண்டு: வீடு. அண்ணன் குழந்தையை வாரிக்கொண்டு படியில் இறங்குகிறான். முன்வாசல் கேட்டைத் தாண்டி, சாலையில் —

சாலை.

குடியிருப்புக்குப் பின்னால் ஆறு. வெளியேற ஒரே கேட், ஒரே சாலை. அது அந்தப் பாலத்துக்கு அடியில்தான் போகிறது. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை அதன் வழியாகச் சாப்பிடப் போயிருக்கிறேன். எழுதும்போதுதான் தெரிந்தது.

முடிவு மூன்று: இரண்டுமே —

எழுதமாட்டேன்.

6

அண்ணி ஸ்டுடியோவிலிருந்து கிளம்பிவிட்டார். "உங்க அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க தம்பி. எனக்கு வாய் வரல."

அண்ணனுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேன். சிரித்தான்.

"அவளுக்கு மனுஷன விடத் தூணுதான்டா முக்கியம். பாப்பா மொத மொத நடந்தப்ப ஒரு படம் எடுத்தாளே, அதுல பாப்பா பாதிதான் இருக்கு. பின்னாடி தூண் முழுசா இருக்கு."

"விளையாடாதண்ணா. ஒரு நூல்ல சாவியக் கட்டி வாசல் நிலையில தொங்கவிட்டுப் பாரு."

போனைக் கீழே வைக்கும் சத்தம். பாப்பா "எனக்கு, எனக்கு" என்றாள். ஆடும் சாவியைப் பிடித்திருப்பாள்.

"தொடாதடி!"

அண்ணன் அவளிடம் கத்தி நான் கேட்டதே இல்லை. பாப்பாவும் கேட்டதில்லை போலிருக்கிறது. அழக்கூட இல்லை. அண்ணன் நூல் நிற்பதற்குக் காத்திருந்தான்.

"டேய்."

"சொல்லுண்ணா."

"மேல நூல் நிலையோட ஒட்டியிருக்கு. கீழ ரெண்டு விரல் நுழையுது."

அவனே தொடர்ந்தான்.

"கொத்தனார் அன்னைக்கே கோணலா வச்சிருக்கலாம்ல?"

"வச்சிருக்கலாம்."

"எல்லா வீட்டுலயும் நிலை கொஞ்சம் கோணதானே?"

"ஆமாண்ணா."

[இங்கே ஒரு ஆறுதல் வரி இருந்தது. அடித்துவிட்டேன்.]

வாசகரே, உங்களுக்கு ஏதாவது தோன்றினால் இப்போதே சொல்லுங்கள். அவன் போனை வைக்கவில்லை. மூச்சு கேட்கிறது.

"நீதானடா எழுதுற," என்றான் அண்ணன். "பாப்பாவைத் தூக்கிட்டு இறங்கவா, இங்கயே இருக்கவா?"