இடது பக்கத் தூண்

வாசல் தூணில் கார் உரசியபோது மாமனார் இறங்கி வந்து, "இந்தத் தூண் எப்ப இங்க வந்துச்சு?" என்று கேட்டுச் சிரித்தார். பேத்தியும் சேர்ந்து சிரித்தாள். மருமகளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. உரசியது காரின் இடது பக்கம். தினமும் தாத்தாவோடு பள்ளிக்கூடம் போகும்போது அவள் மகள் உட்காருவது அந்தப் பக்கம்தான்.

கண்ணாடி மாற்றலாம் என்று அவரைக் கண் மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். இடது கண்ணில் புரை முற்றியிருக்கிறது என்றார் டாக்டர். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான். இன்று மறுபடியும் அதே பெஞ்சில் இருவரும். இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் கேட்டு வந்ததைப் பஸ்ஸிலேயே ஒருமுறை சொல்லியிருந்தாள். இங்கேயும் சொன்னாள்.

"கண்ணாடிக்குத் தர மாட்டாங்க மாமா. சும்மா கண்ணைக் காட்டிட்டுப் போறதுக்கும் தர மாட்டாங்க. நோய்னு வந்தாத்தான் அவங்க பொறுப்பு. புரைக்குக்கூட, பார்வை இவ்வளவு குறைஞ்சிருக்குன்னு இன்னிக்கு இவங்க எழுதிக் குடுத்தாத்தான் ஆபரேஷனுக்கு ஒத்துப்பாங்க."

"அப்ப நல்லாப் படிச்சா ஃபெயிலு."

"ஆமா. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லிடுங்க."

"சரிம்மா, பாத்துக்கலாம்."

அவர் 'பாத்துக்கலாம்' என்றால் அந்தக் காரியம் நடக்காது என்று அர்த்தம். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அவள் கற்ற பாடம். லாரி ஓட்டியே குடும்பத்தைக் கரையேற்றியவர். கத்திக்குப் பயந்தவர் இல்லை. ஆபரேஷன் என்று கார் சாவியை வாங்கினால் திருப்பித் தருவார்களா என்பதுதான் அவருடைய பயம். கார் இன்று வீட்டில் நின்றது, சாவி மட்டும் சட்டைப் பையில் கூடவே வந்திருந்தது.

பரிசோதனை அறையின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே ஒவ்வொருவரும் எழுத்துகளைப் படிப்பது வெளியே கேட்டது. மாமனாரின் உதடுகள் அசைந்தன. சாமியைக் கூப்பிடுகிறார் போலிருக்கிறது என்று நினைத்தவளுக்கு மனசு இளகிவிட்டது.

அவர் முறை வந்தது. அவள் பின்னாலேயே போய்ச் சுவரோரம் நின்றாள். பரிசோதிக்கும் பெண் கண்ணை மூடும் தட்டைக் கொடுத்து, "வலது கண்ணை மூடிட்டு, இடது கண்ணால திரையில இருக்கறதைப் படிங்க ஐயா" என்றாள்.

"ட. ப, ம. ய, ர, ந..."

தடங்கலே இல்லை. மூன்றாவது வரி, நான்காவது வரி என்று இறங்கிக்கொண்டே போனார். அந்தப் பெண் புருவத்தை உயர்த்திவிட்டுப் பேனாவை எடுத்தாள். மருமகளுக்கு அப்போதுதான் புரிந்தது. வெளியே உதடு அசைந்தது எந்தச் சாமிக்கும் இல்லை. பிள்ளை உட்காரும் பக்கமாச்சே என்றுகூடவா இந்த மனுஷனுக்குத் தோன்றவில்லை? மனப்பாடம் செய்துவிட்டார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெற்ற மகளாக வைத்திருக்கிறவரை முன்பின் தெரியாத பெண்ணின் எதிரில் பொய்யராக்க வாய் வரவில்லை. சும்மா நின்றால் இந்தத் தாள் இன்ஷூரன்ஸுக்குப் போகும், நாளைக் காலையில் கார் பள்ளிக்கூடத்துக்குப் போகும்.

அவள் அந்தப் பெண்ணைப் பார்த்து, திரையைக் காட்டி, விரலை மட்டும் ஒரு சுற்றுச் சுற்றினாள். அந்தப் பெண் புரிந்துகொண்டு ரிமோட்டை அழுத்தினாள். திரையில் எழுத்துகள் எல்லாம் மாறின.

"இன்னொரு தடவை மேலேருந்து படிங்க ஐயா."

"எத்தன தடவ கேட்டாலும் அதேதாம்மா." மாமனார் சிரித்துக்கொண்டே நிமிர்ந்து உட்கார்ந்தார். "ட. ப, ம. ய, ர, ந..."

யாரும் குறுக்கிடவில்லை. கடைசி எழுத்து வரை சொல்லி முடித்துவிட்டு, பரீட்சையில் தேறிய சந்தோஷத்தோடு தட்டை இறக்கினார். நல்ல கண் திரையைப் பார்த்தது.

எல்லாவற்றுக்கும் மேலே, உள்ளங்கை அகலத்துக்கு, 'வ' என்று ஒற்றை எழுத்து நின்றது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கை சட்டைப் பைக்குப் போய், சாவியைத் தொட்டு, அங்கேயே நின்றது.