மூன்றாவது கேள்வி

டாக்டர் திரையில் இருந்த நுரையீரல் படத்தை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே இருந்தார். எதிரே உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சருக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. பக்கத்தில் தம்பி இடது காலை நீட்டி வைத்திருந்தான். பஸ் கண்டக்டர். நின்று நின்று வந்த முழங்கால் வலிதான் என்று மாதக்கணக்கில் மாத்திரை போட்டே ஓட்டியவன்.

எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்ததிலிருந்து அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எத்தனாவது ஸ்டேஜ்? காலை முழுசாக ஸ்கேன் எடுக்கட்டும் என்றார்கள். எடுத்தாயிற்று. கட்டியிலிருந்து ஊசியால் எடுத்த துணுக்குக்கு ரிசல்ட் வரட்டும் என்றார்கள். வந்தாயிற்று. பிறகு உடம்பு முழுக்க எலும்பு ஸ்கேன், மார்புக்குத் தனி ஸ்கேன். அம்மா தினமும் போனில் அதையே கேட்டு உயிரை எடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கூடக் கேட்டுவிட்டார்.

டாக்டர் நிதானமாகத்தான் விளக்கினார். மூன்று கேள்விகளாம். அணுக்கள் எவ்வளவு மூர்க்கமானவை? ரொம்பவே. கட்டி எலும்புக்குள் அடங்கியிருக்கிறதா? இல்லை, வெளியே சதைக்குள் வந்துவிட்டது. வேறெங்காவது பரவியிருக்கிறதா? அங்கேதான் சிக்கல். நுரையீரலில் மிளகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி. என்றைக்கோ வந்துபோன சளியின் தழும்பாகவும் இருக்கலாம்.

"பரவியிருந்தா மூணு, இல்லேன்னா ரெண்டு. அப்படித்தானே டாக்டர்?"

"அப்படித்தாம்மா. ஆனா எதுன்னு இப்ப சொல்ல முடியாது. எதுவா இருந்தாலும் முதல்ல கீமோதான். ஆரம்பிச்சிட்டு, மறுபடி ஸ்கேன் எடுத்து அந்தப் புள்ளி மாறுதான்னு பாப்போம்."

வெளியே வந்ததும் வெடித்தாள். இத்தனை மெஷினை வைத்துக்கொண்டு ஒரு எண்ணைச் சொல்ல வக்கில்லையா என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி பொரிந்து தள்ளினாள். வகுப்பில் தெரியாது என்று சொல்லும் பிள்ளையை நிற்க வைப்பவள் அவள். இங்கே யாரை நிற்க வைப்பது?

"இத்தனை வருஷமா பஸ்ஸுல ஊருக்கெல்லாம் ஸ்டேஜ் சொல்லி டிக்கெட் கிழிச்சவன் நான்," என்றான் தம்பி. "எனக்குச் சொல்ல ஆளில்ல பாரு."

அவள் சிரிக்கவில்லை. பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு அவனே மறுபடி பேசினான்.

"மூணுன்னு சொல்லியிருந்தா என்னக்கா பண்ணியிருப்ப?"

பதில் சொல்ல வாயெடுத்தாள். அவன் நீட்டி வைத்திருந்த காலைப் பார்த்தாள். அதற்குள் போன் அடித்தது. அம்மா. அவன் கை நீட்டினான், கொடுத்துவிட்டாள். இன்னும் தெரியவில்லை, டாக்டருக்கே தெரியவில்லை என்று அவன் அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னான். திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது.

எதிரே ஸ்கேன் அறைக் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்தது. மூச்சை இழுத்துப் பிடிக்கும்படி உள்ளே யாரிடமோ ஒரு குரல் சொன்னது. அவளும் இழுத்துப் பிடித்தாள். விடச் சொல்லும் குரல் வர நேரமாயிற்று.